வெளிநாட்டில் கம்பெனி, வீட்டு முகவரி எதற்கு?

லண்டனில் கால் வைக்காமலே பிரிட்டனில் கம்பெனி பதிவு செய்துவிடலாம். பதிவு முடிந்ததும் இயக்குநரின் பெயர், பிறந்த மாதமும் ஆண்டும், குடியுரிமை, வசிக்கும் நாடு, கடித முகவரி எல்லாம் அந்நாட்டின் கம்பெனிப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளத்தில் ஏறிவிடும். யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்குரிமையோ இருந்தால், கட்டுப்பாடு யார் கையில் என்று காட்டும் பட்டியலிலும் உங்கள் பெயர் வரும். 2016 முதல் இந்தப் பட்டியல் கட்டாயம். இதெல்லாம் தெரிந்தே பதிவு செய்தால் பரவாயில்லை. பலர் முகவரி கேட்கும் கட்டத்திலெல்லாம் யோசிக்காமல் வீட்டு முகவரியை எழுதிவிடுகிறார்கள். அதுதான் வருத்தமாக இருக்கிறது.

பதிவு அலுவலகம் பிரிட்டனுக்குள் இருந்தாக வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து வெறும் தபால் பெட்டி எண் செல்லாது. ஆகவே வெளிநாட்டுக்காரர் எப்படியும் ஒரு முகவரிச் சேவைக்குப் பணம் கட்டத்தான் போகிறார். அதே முகவரியை இயக்குநரின் கடித முகவரியாகவும், தொடக்கப் பங்குதாரரின் முகவரியாகவும் கொடுக்க அனுமதிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வசிக்கும் முகவரிக்கென்று தனிக் கட்டம் உண்டு. அங்கே உண்மையை எழுதுங்கள், அது பொதுப் பார்வைக்கு வராது. கட்டம் மாறி எழுதிவிட்டால் பிறகு முகவரியைத் திருத்தினாலும் பழைய படிவம் பதிவேட்டில் அப்படியே கிடக்கும். மறைக்கச் சொல்லி மனுப் போடலாம், ஆவணத்துக்கு ஆவணம் கட்டணம். அதற்குள் தகவலை நகலெடுத்துக்கொண்ட தனியார் தளங்களை யார் துரத்துவது? வீட்டிலிருந்து தொழில் நடத்தும் பெண்ணின் வாசலில், பணத்தைத் திருப்பிக் கேட்டு முன்பின் தெரியாத ஒருவர் வந்து நிற்பது சின்ன விஷயமில்லை.

நாம் மறைய வேண்டியது இப்படிப்பட்ட அந்நியரிடமிருந்துதான். அரசிடமிருந்து மறைய முடியாது, மறையவும் கூடாது. திருட்டுப் பணம் பெயரில்லாக் கம்பெனிகளுக்குள் ஒளிந்ததால்தான் இந்தச் சட்டங்களே வந்தன. 2025 நவம்பர் 18 முதல் பிரிட்டனில் புதிய இயக்குநர்கள் அடையாளத்தைச் சரிபார்த்த பிறகே பதிவு செய்ய முடியும்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. டெலவேரில் எல்எல்சி என்னும் வரையறுத்த பொறுப்புக் கம்பெனியைத் தொடங்கும் சான்றிதழில் கம்பெனியின் பெயரும் பதிவு முகவரின் விவரமும் இருந்தால் போதும். உரிமையாளர் பெயர் வேண்டாம். ஆண்டறிக்கையும் கிடையாது, ஆண்டு வரி 300 டாலர் மட்டும். அதே டெலவேரில் கார்ப்பரேஷன் தொடங்கினால் ஆண்டறிக்கையில் இயக்குநர்களின் பெயரும் முகவரியும் எழுதித் தர வேண்டும். வயோமிங்கும் எல்எல்சி உரிமையாளர் பெயரைக் கேட்பதில்லை. ஆனால் முதன்மை அலுவலக முகவரி இணையத்தில் தெரியும், அங்கேயும் வீட்டு முகவரி வேண்டாம். எந்த மாநிலமானாலும் தொடக்கப் படிவத்தில் முகவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட எல்எல்சியை ‘அனாமதேயக் கம்பெனி’ என்று விற்பவர்கள் மீதியைச் சொல்வதில்லை. வரி அடையாள எண் வாங்கும்போது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் பொறுப்பாளர் யாரென்று ஒரு மனிதரின் பெயரைத் தந்தாக வேண்டும். வங்கி பாஸ்போர்ட் கேட்கும். வெளிநாட்டவர் ஒருவரே முழு உரிமையாளர் என்றால், ஆண்டுதோறும் ஐஆர்எஸ்ஸுக்குத் தர வேண்டிய படிவம் 5472 முக்கியம். ஒரு டாலர் வருமானம் வராவிட்டாலும், நீங்கள் போட்ட முதலையே கணக்குக் காட்ட வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர்.

உண்மை உரிமையாளரை அமெரிக்க நிதித்துறையிடம் தெரிவிக்கும் விதி 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கம்பெனிகளுக்கு 2025 மார்ச்சில் விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கை நம்பிக் கோட்டை கட்டாதீர்கள். சட்டம் இன்னும் இருக்கிறது, மாறியது விதி மட்டுமே.

கம்பெனிப் பதிவில் காத்த ரகசியம் வேறு பக்கத்தில் கசிவதும் உண்டு. .யுஎஸ் என்று முடியும் இணைய முகவரிக்கு உரிமையாளர் விவரத்தை மறைக்கும் வசதி இல்லை. அமெரிக்க வர்த்தக முத்திரை விண்ணப்பத்தில் தனியாகத் தபால் முகவரி தராவிட்டால் வசிக்கும் முகவரியே வெளியே தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆப் விற்பவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஆப் ஸ்டோர் பக்கத்திலேயே இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வணிக முகவரி, ஒரு தனித் தொலைபேசி எண், ஒரு தனி மின்னஞ்சல் என்று முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பெயருக்கு ஓர் இயக்குநரை வாடகைக்குத் தருகிறோம் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பிரிட்டனில் அந்த ஏற்பாட்டுக்குப் பிறகும் கட்டுப்பாடு உங்கள் கையில் என்றால் உங்கள் பெயரைத்தான் தெரிவிக்க வேண்டும். பொய்த் தகவல் தந்தால் குற்றம். கம்பெனியின் சார்பில் கையெழுத்திடும் உரிமையும் முகம் தெரியாத ஒருவரிடம் போய்விடும்.

தமிழ்நாட்டிலிருந்து தொடங்குபவர்கள் வருமானவரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையில் இந்தக் கம்பெனியைக் காட்ட வேண்டும். பட்டியலிடப்படாத வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு எடுப்பது இந்தியாவின் 2022 வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி நேரடி முதலீடு. எனவே பணம் அனுப்பும் முன்பே வங்கியில் எஃப்சி படிவம் கொடுத்து அந்த முதலீட்டுக்கான அடையாள எண் வாங்க வேண்டும். ஆடிட்டரைப் பார்க்க வேண்டியது அதற்கும் முன்னால்.