கற்சிலைமடுவுக்குக் குடும்பத்தோடு ஒருநாள்

முள்ளியவளையிலிருந்து விடியவே வெளிக்கிடுங்கள். வெயில் ஏறினால் பிள்ளைகள் வாடிவிடுவார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கற்சிலைமடுவில்தான் 1803 ஒக்டோபர் 31 அன்று பிரித்தானிய அதிகாரி வொன் டிறிபேர்க்கின் படை வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் பிடித்த கதையைப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் இடம் மனதில் பதியும்.

மிக முக்கியமானது, பாதையை விட்டு இறங்கவே கூடாது. 2009 வரை நடந்த போரின் வெடிபொருட்கள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கக்கூடும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடவோ, உதைக்கவோ, ஞாபகத்துக்கென்று எடுக்கவோ விடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

இறுதிப்போர் நடந்த நந்திக்கடல் பக்கமும் போவதென்றால் செல்பி வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் அங்கே உறவை இழந்தவராக இருக்கலாம். சாப்பாடும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். காட்டு வீதியில் யானை வரும், பொழுதுபட முன்னர் வீடு திரும்புங்கள்.