திரையில் நடமாடும் வளைகோடு

கேள்வி: கணித வளைகோடுகளைக் கணினியில் அசையவைத்துப் பார்க்க எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில், 0 முதல் 360 பாகை வரை நகரும் ஸ்லைடர் ஒன்றை அமைத்து, கிடைத்தூரமாக, மாறிவரும் வேறொரு கோணத்தின் மும்மடங்கின் சைனையும், உயரமாக அக்கோணத்தின் இருமடங்கோடு ஸ்லைடரின் மதிப்பைக் கூட்டி வரும் சைனையும் கொடுத்து இயக்கினீர்களானால், கண்ணிகள் பின்னிய வளைகோடு விரிந்தும் ஒடுங்கியும் ஓயாது நடனமாடி, சரியாக 30 பாகையில், போன வழியே திரும்பிவரும் ஒற்றைக் கோடாக ஒடுங்கிவிடும். அந்த க்ஷணத்தில் நிறுத்திப் பாருங்கள், மனம் பரவசமடையும்.

பிரெஞ்சு பௌதிக சாஸ்திரி லிஸாஜூ, 1857இல், அதிரும் இசைக்கவைகளில் ஒட்டிய சிறு கண்ணாடிகளால் ஒளிக்கற்றையைப் பிரதிபலித்துப் பிரத்யக்ஷமாகக் காட்டியவை இத்தகைய உருவங்களே. மேலே கொடுத்த மும்மடங்குக்கும் இருமடங்குக்கும் உள்ள 3:2 என்ற விகிதம், நம் சங்கீதத்தில் பஞ்சமத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள சம்பந்தமேயாகும்.