மெக்நேர் திட்டம் யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பத்து மாணவர்கள் முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க என்ன உதவி உண்டு?

பதில்: 1986இல் சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்தில் இறந்த கறுப்பின இயற்பியலாளர் ரொனால்ட் மெக்நேரின் பெயரிலான திட்டம் முக்கியமானது; அதற்கு அமெரிக்கக் கல்வித் துறை நிதி தருகிறது. பெற்றோர் பட்டம் பெறாத ஏழை மாணவர்களும், ஆய்வுப் படிப்புகளில் குறைந்த அளவிலேயே இடம்பெறும் பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களும் இளநிலைப் படிப்பின்போதே சேரலாம். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்ய வாய்ப்புக் கிடைப்பதுதான் பெரிய பலன்: பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் மாணவரின் வேலையை நேரில் பார்த்தவராக இருப்பார். அப்படிப்பட்ட கடிதத்துக்கு இருக்கும் எடை வெறும் மதிப்பெண் பட்டியலுக்கு வராது. பல பல்கலைக்கழகங்கள் மெக்நேர் மாணவர்களிடம் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. மற்றவர்களும் கட்டண விலக்குக் கேட்கலாம். ஆனால் விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே கேட்க வேண்டும், கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது.