கொத்தனார் மகளும் க்யூப் அச்சும்

கேள்வி: முப்பது வருடமாகக் கொத்து வேலை பார்க்கிறேன். என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். "கட்டின கட்டடத்தைச் சோதிச்சு, சரியா இருக்கா இல்லையான்னு சொல்ற வேலைக்குப் போகணும்பா" என்கிறாள். அப்படி ஒரு வேலை இருக்கிறதா? அதற்கென்று காலேஜில் தனிப் படிப்பு உண்டா? பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வேலை இருக்கிறது. முன்பைவிட இப்போது அதிகமாகவே இருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இறந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல வேலைக்கு வந்தவர்கள்தான். இரண்டு வருடம் கழித்து, அதன் பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் பில்டர்களின் பொறுப்பைக் கூட்டியிருக்கிறது. சாவி கொடுத்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்து, வாங்கியவர் எடுத்துச் சொன்னால், பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். அதனால் கட்டுகிறவர், வாங்குகிறவர், கடன் கொடுக்கும் பேங்க் என்று எல்லோருக்குமே சோதித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது.

இந்த வேலைக்கு என்று தனியாக ஒரு படிப்பைத் தேடி அலைய வேண்டாம். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோவில் சேர்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருடம். முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தாலும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர முடியும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், பதினாறு வயதிலேயே பிள்ளையின் கை சிமெண்டைத் தொட்டுவிடும் என்பதால்.

மண் பரிசோதனை, சர்வே, எஸ்டிமேட், கான்கிரீட் என்று பாடங்கள் பல இருந்தாலும், சோதிக்கிறவரை உருவாக்குவது லேப்தான். கான்கிரீட் க்யூப் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 15 செ.மீ. உள்ள இரும்பு அச்சில் கலவையை மூன்று அடுக்காக நிரப்ப வேண்டும். கையால் போடுவதாக இருந்தால், ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 35 முறை குத்த வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட்டு, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் மெஷினில் வைத்து உடைப்பார்கள். முப்பது பேர் உள்ள வகுப்பில் நான்கைந்து பேர்தான் குத்துவார்கள், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். உங்கள் மகள் அந்த நான்கைந்து பேரில் ஒருத்தியாக இருக்க வேண்டும். கம்பி எப்போது வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, எப்போது ஜல்லியில் முட்டி நிற்கிறது என்பது குத்துகிற கைக்குத்தான் தெரியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சைட்டிலிருந்து வந்த க்யூப்களை உடைத்துப் பார்த்தேன். ரிசல்ட் பிரமாதமாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு அங்கே போக நேர்ந்தபோது ஒரு தூணின் மூலையை ஆணியால் கீறினேன். மாவு மாதிரி உதிர்ந்தது. சோதனைக்கென்று சிமெண்டை அள்ளிப் போட்டுத் தனியாகக் கலந்து அச்சை நிரப்பியிருந்தார்கள். தூணுக்குப் போன கலவை வேறு. அந்தத் தூண்களைப் பலப்படுத்தும் வரை எனக்குச் சரியான தூக்கமில்லை. அன்றிலிருந்து, கலவை கொட்டுகிற இடத்தில் நானே நின்று எடுக்காத க்யூபுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

பழைய கட்டடங்களைச் சோதிப்பது தனி வித்தை. பால்கனி அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், அங்கே கான்கிரீட்டைப் புதிதாகக் கொஞ்சம் கொத்தி, ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்போம். நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு ஏறிய பகுதி நிறமே மாறாது. அந்த நிறமில்லாத பட்டை உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுவிட்டால், கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது, இனி துருப்பிடிக்கும் என்று அர்த்தம். சுத்தியல் மாதிரி அழுத்திப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், ஒலியலை அனுப்பி உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, கோர் எடுக்கும் மெஷின் ஆகியவற்றையெல்லாம் டிப்ளமோவில் படமாகத்தான் பெரும்பாலும் பார்ப்பாள். கையில் பிடிக்க அப்ரண்டிஸ் காலம்தான் வழி. டிப்ளமோ முடித்தவர்களுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி உண்டு. தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. லேபுக்குப் போவதா, சைட்டுக்குப் போவதா என்று கேட்பாள். முதலில் சைட்டுக்கு அனுப்புங்கள்.

எழுதவும் பழகட்டும். "சுவரில் விரிசல் உள்ளது" என்று எழுதினால் அந்த ரிப்போர்ட் யாருக்கும் உதவாது. ஜன்னலின் எந்த மூலையில் தொடங்குகிறது, எத்தனை மி.மீ. அகலம், நேராக ஓடுகிறதா சாய்ந்து ஓடுகிறதா, சுவரின் மறுபக்கமும் தெரிகிறதா என்றெல்லாம் எழுத வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்தால், அது இன்னும் நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

மேலே போக வழி உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி அரசுத் துறைகளுக்குப் போகலாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன் கீழ் பதிவு பெறும் வல்லுநர்களில் தரத் தணிக்கையாளர் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. அந்த இடத்துக்கு வர, டிப்ளமோவோடு நிற்காமல் பட்டமும் வாங்கி, களத்திலும் பல வருடம் நின்றிருக்க வேண்டும்.

பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்றால், தாராளமாக ஒத்துவரும். கழிப்பறை இல்லாத சைட்டுகள் இன்னும் இருக்கின்றன, அதுதான் உண்மையான கஷ்டம். வேலைக்குச் சேரும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். ஏணியில் ஏறுவதும் வெயிலில் நிற்பதும் நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதில்லை. சித்தாள்களாக அவர்கள் சுமந்த கலவையில்தானே இத்தனை வீடுகள் எழும்பியிருக்கின்றன?

ஐயா, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தளம் போடுவதற்கு முந்தின நாள் அவளைக் கூட்டிப் போங்கள். சென்ட்ரிங் மேலே ஏற்றி, கையில் ஒரு டேப்பைக் கொடுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் இடையே 20 மி.மீ. கவர் பிளாக் இருக்கிறதா, பீமில் ரிங்கின் கொக்கி 135 டிகிரி மடங்கி உள்ளே போயிருக்கிறதா, முட்டுக் கம்புகள் கெட்டியான தரையில் நிற்கின்றனவா என்று அவளே பார்த்து நோட்டில் எழுதட்டும். "இந்த இடத்துல கம்பிய அவுத்து மறுபடி கட்டணும்பா" என்று அவள் சொன்னால், ஆட்கள் முன்னால் கோபப்படாமல், அவிழ்த்துக் கட்டிக்காட்டுங்கள்.