காரணம் புலப்படாத குழந்தையின்மையும் மனமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவி)

மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். எங்கள் ஆரணியிலோ அதற்கென ஒரு கோயிலே உண்டு. தசரதன் மகப்பேறு வேண்டி யாகம் செய்த இடம் என்று புத்திரகாமேட்டீசுவரர் கோயிலைக் கூறுவர். அங்கே யாகம் செய்தவன் அரசன். எங்கள் தெருவிலோ விரதமும் வேண்டுதலும் ஏச்சும் பெண்ணுக்கே!

என் சித்தப்பா பட்டு நெசவாளர். அவர் தறியில் அமர, சித்தி அருகிருந்து தார் சுற்றுவார். மணமாகி ஏழாண்டு. விடியலில் தெருவில் பாவு நீட்டும் வேளையிலும் "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி தப்பாது. வளைகாப்புக்கு அழைப்பு வந்தால் அன்று சித்திக்குத் தலைவலி வந்துவிடும்.

முதலில் சித்தி மட்டுமே பரிசோதனைக்குச் சென்றார். சித்தப்பா செல்ல மேலும் ஈராண்டு ஆயிற்று. எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. ஆகவே மருத்துவச் சீட்டு என் கைக்கு வந்தது. இருவரிடத்தும் குறையில்லை, காரணம் புலப்படவில்லை என்றிருந்தது. இது ஆறுதல் தரும் என்று நினைத்தேன். அடுத்த வீட்டுப் பாட்டியோ, "மனசுல கவலைய வச்சிருந்தா எப்படிம்மா தங்கும்?" என்றார். உடலில் காணாத குற்றம் மனத்தின்மேல் ஏறியது. இது உண்மைதானா என்று அறியவே படிக்கத் தொடங்கினேன்.

ஓராண்டு முயன்றும் கருவுறாமையைக் குழந்தையின்மை என்கிறது மருத்துவம். சினைமுட்டை வெளிப்படுகிறது, கருக்குழாயில் அடைப்பில்லை, விந்தணுவின் எண்ணிக்கையும் அசைவும் சரி. இருந்தும் கரு உண்டாகாவிடில் அது 'காரணம் புலப்படாதது'. பரிசோதனைக்கு வரும் தம்பதியருள் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் இவ்வகையினர். காரணமே இல்லை என்பதன்று. வழக்கமான சோதனைக்கு எட்டவில்லை என்பதே பொருள். முட்டையின் தரத்தையோ, கரு கருப்பையில் பதியும் நுட்பத்தையோ அவை முழுமையாகக் காட்டா.

மனம் உடலைத் தொடுவதும் உண்மையே. மூளையின் ஹைபோதலாமஸ் விட்டுவிட்டுச் சுரக்கும் ஹார்மோன், பிட்யூட்டரி வழியாகச் சினைப்பையை இயக்குகிறது. கடும் பட்டினியும் கடும் மன அழுத்தமும் அச்சுரப்பைக் குலைத்து மாதவிலக்கையே நிறுத்தக்கூடும். சித்திக்கோ அது தவறியதே இல்லை. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, உமிழ்நீரில் ஆல்ஃபா அமைலேஸ் என்னும் அழுத்தக் குறி மிகுந்த பெண்களுக்குக் கருவுறும் வாய்ப்பு 29 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது. பாட்டி சொன்னது சரிதானோ என்று அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

பின்னர் மற்றொன்று கிடைத்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2011-இல் வந்தது. சோதனைக்குழாய் முறை போன்ற சிகிச்சை பெற்ற 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளின் தொகுப்பு அது. சிகிச்சைக்கு முன் மனவேதனை மிகுந்திருந்தமையால் கருவுறுதல் குறைந்ததாக அதில் காணப்படவில்லை. கவலையால் குழந்தை இல்லை என்பதைவிட, குழந்தை இல்லாமையால் கவலை என்பதே பெரிதும் பொருந்தும் என்பது என் துணிபு. மன ஆலோசனை அவ்வேதனையைத் தணிக்கும். அது தணியாதபோது, பலனளிக்கக்கூடிய சிகிச்சையையும் பலர் பாதியில் விட்டுவிடுகின்றனர்.

இதனைத் தமிழில் எழுதி, தறி வீட்டில் அமர்ந்து படித்துக் காட்டினேன். சித்தி தலை நிமிராமல் தார் சுற்றிக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டில் இதுபற்றி ஒரு சொல்லும் பேசாத சித்தப்பா, நாடாவை நிறுத்திவிட்டு, "அந்த ரெண்டாவத இன்னொரு தடவை படி கண்ணு, அவ கேக்கட்டும்" என்றார்.