நில அளவையாளருக்குச் சங்கம் ஏன் வேண்டும்?

கிராமங்களில் எழும் வழக்குகளில் வரப்பைப் பற்றியவை எத்தனை என்பதை ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோர் யாவரும் அறிவர். உழவு தோறும் வரப்பு விரற்கடை விரற்கடையாகத் தேய்கிறது. சில ஆண்டுகளில் எல்லைக் கல்லே சாய்ந்து, பின் இடம் மாறியும் விடுகிறது. அவ்வேளையில் அரசாங்க நில அளவரின் முறைக்குக் காத்திராதவர்கள் தனியாகத் தொழில் நடத்தும் சர்வேயரை அழைக்கின்றனர். ஒரு கருவி, ஓர் உதவியாள், ஒரு மோட்டார் சைக்கிள் ஆகியவையே இவர்களுடைய அலுவலகம். பாகப் பிரிவினைக்கு முன் அளந்து பார்த்தல், வேலிக்குக் கோடு காட்டுதல், பண்ணைக் குட்டைக்கும் வாய்க்காலுக்கும் மட்டம் எடுத்தல் முதலிய பணிகள் பெரும்பாலும் இவர்கள் கையிலேயே உள்ளன. இத்தகையோர் ஒரு சங்கத்தில் இணைவதால் அவர்களுக்கும் உழவர்க்கும் விளையும் பயன் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வட்டார அலுவலில் நாம் அடிக்கடி காணும் நிகழ்ச்சி ஒன்றைக் கூறினால் விஷயம் விளங்கும். அண்ணன் ஒரு சர்வேயரை அழைத்து அளக்கிறார்; தம்பி வேறொருவரை அழைக்கிறார். ஒரே புலத்துக்கு இரண்டு படங்கள் வருகின்றன. இரண்டிற்கும் மூன்று சென்ட் வேறுபாடு! ஊரார் உடனே, எவரோ பணம் வாங்கிவிட்டார் என்கின்றனர். விசாரித்தால் பெரும்பாலும் அவ்விதம் இருப்பதில்லை. ஒருவர் வடமேற்கு மூலைக் கல்லிலிருந்து தொடங்கியிருப்பார். அக்கல் முன்பே நகர்ந்தது. மற்றவர் பக்கத்துப் புலங்களின் முச்சந்திக் கல்லைத் தேடிப் பிடித்துத் தொடங்கியிருப்பார். ஒருவர் கையில் உள்ள புலப்படம் லிங்க் கணக்கில் எழுதிய பழைய பிரதி. மற்றவருடையது மீட்டர் கணக்கில் எழுதிய பிற்காலப் பிரதி. 100 லிங்க் கொண்ட சங்கிலி 66 அடி, அதாவது 20.12 மீட்டர். இதை 20 மீட்டர் என்று கைக்கணக்காக மாற்றினாலே, பத்துச் சங்கிலி நீளத்தில் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். வெயிலில் நாடா நீள்வதால்தான் பிழை என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. 30 மீட்டர் எஃகு நாடா 15 டிகிரி சூடேறினால் நீளுவது ஏறத்தாழ 5 மில்லிமீட்டரே. அதற்காக எவரும் கோர்ட்டுக்குச் சென்றதாக நாம் அறியோம்.

இரு சர்வேயர்களும் ஒரே சங்கத்தின் அங்கத்தினராயிருந்து, எந்தக் கல்லிலிருந்து தொடங்கினோம், எந்தப் பிரதியைக் கொண்டோம் என்று படத்திலேயே எழுதும் வழக்கத்தை ஏற்றிருந்தால், அவ்விருவரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசியே அந்த மூன்று சென்ட் எங்கே போயிற்று என்று கண்டுவிடலாம். இன்றோ ஒருவரையொருவர் போட்டியாளராகக் கருதுவதால், படத்தைக் காட்டவும் கூசுகின்றனர்.

இதனினும் முக்கியமானது வேறொன்று. கூலி கொடுப்பவர் தமக்குச் சாதகமான அளவையே விரும்புகிறார். “கல் இரண்டு அடி உங்கள் பக்கம் வரவேண்டும்” என்று சொல்லத் தனி ஒருவருக்குத் துணிவு வேண்டும். சொன்னால் கூலியும் போகும், அடுத்த அழைப்பும் போகும். சங்கத்தின் விதிப்படி அளந்தேன், வேறு அங்கத்தினர் வந்தாலும் இதையே கூறுவார் என்று சொல்ல முடிந்தால், அவர் நெஞ்சுரம் கொண்டு நிற்பார். நேர்மையாக அளப்பவருக்குச் சங்கம் அளிக்கக்கூடிய உதவிகளில் இதையே நாம் முதன்மையாக மதிக்கிறோம். ஆனால் தவறு செய்த அங்கத்தினர் மேல் வரும் புகாரை விசாரித்து, தேவையானால் அவரை விலக்கவும் சங்கம் தயாராயிருக்க வேண்டும். இல்லையேல் அது குற்றத்தை மறைக்கும் கூரையாகிவிடும்.

இனிக் கருவிகளைப் பற்றி. டோட்டல் ஸ்டேஷன் என்னும் கருவி சில இலட்சம் ரூபாய் விலையுள்ளது. மாதத்தில் பல நாள் பெட்டியிலேயே கிடக்கிறது. நால்வர் கூடி ஒன்றை வாங்கி முறை வைத்துக்கொள்வது சிக்கனம். வாங்குவதைக் காட்டிலும் சரிபார்ப்பது அரிது. ஆயிரத்துக்கு ஒன்று சரிவுள்ள வாய்க்காலில் 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர்தான் இறக்கம். மட்டக் கருவி சிறிது பிழைத்தாலும் தண்ணீர் கடைமடைக்குச் செல்லாமல் தேங்கிவிடும். இதற்கு எளிய சோதனை உண்டு. 60 மீட்டர் இடைவெளியில் இரு முளைகள் அடித்து, நட்டநடுவே கருவியை நிறுத்தி, இரண்டின் மட்ட வேறுபாட்டைக் குறித்துக்கொள்க. நடுவில் நிற்கையில் கருவியின் பிழை இரு பக்கமும் சமமாக விழுந்து கழிந்துவிடும். பின்பு ஒரு முளையின் அருகே கருவியைக் கொணர்ந்து மீண்டும் காண்க. இரு விடைகளும் ஒன்றாயின் கருவி செம்மையானது. தனியாக இருப்பவர் இதை நாளை செய்வோம் என்று தள்ளிப் போடுவார். சங்கம் ஆண்டுக்கொரு நாள் குறித்து எல்லாக் கருவிகளையும் ஓரிடத்தில் கூட்டினால் வேலை முடிந்துவிடும். நீளம் சரிபார்க்க நிலையான அடிக்கோடு ஒன்றும் வேண்டும். 1802-ஆம் ஆண்டில் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தபின்னரே, இந்தியாவின் பெரு முக்கோண அளவை தொடங்கியது. நமக்கு 100 மீட்டர் போதும்.

புதுமைகளைத் தனியே கற்பதும் கடினம். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்தால் நிலம் அளந்ததாகும் என்று நம்புவோர் இருக்கின்றனர். சதுரமான 10 சென்ட் நிலத்தின் பக்கம் சரியாக ஒரு சங்கிலி. அதில் ஒரு பக்கம் 3 மீட்டர் தவறினால் ஒன்றரை சென்ட் போய்விடும். சாதாரணக் கைபேசியில் இவ்வளவு பிழை எளிதில் வரக்கூடும். 2021-இல் வந்த டிரோன் விதிகள், செயற்கைக்கோள் வழி நுண்ணளவை முதலியவற்றுக்கு ஒருவர் வகுப்புக்குச் சென்று வந்து மற்றவர்க்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

சந்தா கட்டி என்ன கண்டோம் என்று கேட்பவர்க்கு மேலே கூறியவையே விடை. வேறு சிலர் சங்கம் சேர்ந்து கூலியை உயர்த்திக் கட்டிவிடலாம் என்று மகிழ்வர். அது ஆகாது. தொழில் செய்வோர் கூடி விலையை உறுதி செய்துகொள்வதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. உழவர்க்கும் அது அநீதி. கூலியில் எவையெவை அடங்கும், கல் நடுவது யார் பொறுப்பு, மறு அளவைக்குத் தனிக் கூலி உண்டா என்பவற்றை ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்.

லண்டனில் இத்தொழிலாளர் 1868-லேயே கூடிக் கழகம் அமைத்து, 1881-இல் அரச சாசனமும் பெற்றனர். நம் நாட்டிலும் 1950-இல் டில்லியில் நில அளவையாளர் கழகம் தோன்றியது. அத்தகைய பெரிய கழகங்களில் சேரத் தகுதியுள்ளோர் சேர்வது நன்று. ஆயினும் தாலுகா அளவில் அன்றாடம் கூடிப் பேச உள்ளூர்ச் சங்கமே ஏற்றது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் கையொப்பமிட்டால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். வரவு செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதும் காரியதரிசி ஒருவர் அமைவது ஏழு பேரைச் சேர்ப்பதினும் சிரமம் என்பது நம் அனுபவம்.

பதிவு முடிந்ததும் முதல் வேலையாகப் பொதுவான படிவம் ஒன்றை அச்சிடுக. அளந்த தேதி, கருவி, தொடங்கிய கற்கள், புலப்படத்தின் பிரதி விவரம், அடுத்த நிலத்தார் உடன் இருந்தனரா என்பவை அதில் இடம்பெற வேண்டும். தனியார் வரைந்த இப்படம் தானாகவே பட்டாவை மாற்றாது என்றும், உட்பிரிவும் பட்டா மாறுதலும் வருவாய்த் துறையின் ஆணையாலேயே ஆகும் என்றும் கொட்டை எழுத்தில் சேர்த்துவிடுக. இதை அறியாமல் படத்தைப் பத்திரம் போல் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் பல.

அடிக்கோட்டுக்கு ஏரிக்கரையை நாடவேண்டாம், மண் அமிழும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் 100 மீட்டர் நேரான, கெட்டியான தரை பார்த்து, இரு முனையிலும் கான்கிரீட்டில் பித்தளைக் குமிழ் பதிக்கலாம். அனுமதிக்கு ஒன்றிய அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இடத்தின் வரைபடத்தையும் இணைத்து அனுப்புக.