இரத்த அழுத்த மாத்திரை: அட்டையின் பின்புறத்தையும் படிப்போம்

இரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90 என்ற அளவைத் தாண்டும்போது மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். சில மாதங்கள் ஒழுங்காக உட்கொள்கிறோம். அளவு இறங்கியதும் ‘சரியாகிவிட்டது’ என்று நம்மில் பலர் நிறுத்திவிடுகிறோம். இறங்கியதே மாத்திரையால்தான். குளோனிடின் மருந்தைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட வேகமாக ஏறக்கூடும்; அட்டெனலால் போன்றவற்றை நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நடைபெற வேண்டும்.

நாம் அதிகம் தவறுவது வேறோர் இடத்தில். நம் நாட்டில் பல மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் ‘ஏஎம்’ அல்லது ‘ஹெச்’ என்ற எழுத்துகள் இருக்கும். பெரும்பாலும் ‘ஏஎம்’ என்பது அம்லோடிபின் சேர்ந்தது. ‘ஹெச்’ என்பது சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்தது. முன்பு அம்லோடிபின் தனியாக எடுத்தவருக்கு மருத்துவர் கூட்டு மாத்திரை எழுதுகிறார் என்று கொள்வோம். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையை வீணாக்க மனமின்றி அதையும் சேர்த்து விழுங்கினால், ஒரே மருந்து இருமடங்காகிறது. எழுந்து நிற்கையில் கண் இருண்டு விழுகிறோம். முதியவர்களுக்கு அந்த விழுகையே இடுப்பெலும்பை முறித்துவிடும். ஆகவே வணிகப் பெயரை விட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் பார்ப்போம். மக்கள் மருந்தகத்தில் வாங்குவோருக்கும் இதுவே துணை.

விட்டுப்போன தவணையை அடுத்ததோடு சேர்த்துக் கட்டுவது கடனுக்குப் பொருந்தும், மாத்திரைக்குப் பொருந்தாது. நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டதாகவே கொள்ள வேண்டும்.

அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். ராமிபிரில், எனலாபிரில் வறட்டு இருமலைத் தரலாம். இருமல் மருந்து வாங்கிக் குடித்துக் காலம் கடத்துவதைவிட மருத்துவரிடம் சொல்வது நலம். மாற்று மருந்து உண்டு. ராமிபிரில், டெல்மிசார்டன் போன்றவை கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்பதால், கருவுற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மூட்டுவலிக்கு நாமாக வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை அழுத்தத்தை ஏற்றுவதோடு சிறுநீரகத்தையும் வருத்தும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என விற்கப்படுவதில் பொட்டாசியம் சேர்ந்திருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. டெல்மிசார்டன் எடுப்பவர் உடலில் பொட்டாசியம் ஏற்கெனவே கூடக்கூடியது. அளவு மிஞ்சினால் இதயத்துடிப்பே தடுமாறும். அந்த உப்புப் பாக்கெட்டையும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையிலிட்டு அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுசெல்வோம்.